செத்த ராஜாவுக்குப் பாலாபிஷேகம்

தியேட்டர் மேனேஜர் வேலை என்பது, நாம் எடுக்காத படத்துக்கு நாம் திட்டு வாங்குகிற வேலை. எந்தக் கவுன்ட்டருக்கு உள்ளேயாவது உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பூந்தமல்லியில் எங்களுடையது ஒற்றைத் திரை. முன்பு ஒரு கிரேக்கப் போர்ப் படத்தைத் தமிழ் பேச வைத்துப் போட்டோம். சட்டை போடாத வீரர்கள் ஆகாயத்தில் மெதுவாகப் பறந்து பறந்து வெட்டுவார்கள். கூட்டம் அள்ளியது. அதன் இரண்டாம் பாகம் வந்ததும் நான்தான் பிடிவாதமாக நின்றேன். முதலாளி அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, “கவுந்துச்சுன்னா, இனிமே என்னா படம் போடறதுன்னு என் மச்சினன் முடிவு பண்ணுவான்” என்றார். மச்சினனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மன் படம். அதையும் ஆடி மாதமா இல்லையா என்று பார்க்காமல் போடுவார்.

கட்அவுட்

திருவேற்காட்டில் ஜிம் வைத்திருக்கும் குணா, முதல் பாகத்து ராஜாவின் பக்தர். ஜிம் சுவரில் அந்த ராஜா படம்தான். ஆனால் முதல் பாகத்தைக் கடைசி ரீல் வரைக்கும் அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. “அண்ணாத்தே, இதுலயும் நம்ம ராஜா கீறாரா?” என்று போனில் கேட்டார். நான் படம் பார்க்கவில்லை. போஸ்டரில் ஹெல்மெட் போட்ட ஒரு முகம் இருந்தது. ஹெல்மெட் போட்டால் எல்லா முகமும் ஒரே முகம்தானே? “அவர் இல்லாமலா?” என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ராஜாவுக்கு ஆளுயரத்தைத் தாண்டிய கட்அவுட், மேளம், குடம் குடமாகப் பால். படம் தொடங்கியதும் திரையில் ஒருவன் ஓடிவந்து ராஜா போரில் இறந்துவிட்டதாகச் சொன்னான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ராஜா வரவேயில்லை. இடைவேளையில் குணா என் அறைக்கு வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கி நின்றார்.

“அண்ணாத்தே, செத்தவருக்குப் பால் ஊத்தறது சொந்தக்காரன் செய்யற சடங்கு. அதை என் கையால செய்ய வெச்சுட்டியே!”

இடைவேளை

இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. எங்கே நிறுத்துவது என்று எங்கள் ஆபரேட்டர் ரஃபீக் பாய்தான் தீர்மானிப்பார். முதல் பாகத்தில் ராஜா வாளை ஓங்கும்போது நிறுத்தி விசில் வாங்கிய மனிதர். இதில் திரை முழுக்கக் கடல், கப்பல், புகை. எது உச்சம் என்று பாய்க்கே பிடிபடவில்லை. ஒரு கப்பல் இன்னொரு கப்பலை இடிக்கும் நேரத்தில் குத்துமதிப்பாக நிறுத்திவிட்டார். கேன்டீனுக்குப் போனவர்கள் திரும்பியபோது எந்தக் கப்பல் யாருடையது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. முதல் பாகத்தில் சட்டை இல்லாதவன் நம்ம ஆள். இதில் இரண்டு பக்கமும் சட்டை இல்லை.

என்ன பாய் இப்படி என்று கேட்டேன். “மேனேஜர் சார், நானும் மூணு ஷோவா பாத்துகினு கீறேன். யார் செயிச்சாங்கன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.”

எந்தப் பாகம்?

வேலப்பன்சாவடியிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் வந்தார்கள். வெளியே வந்ததும், கதை முதல் பாகத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் பாகத்துப் போர் தரையில் நடக்கும்போதே கடலில் நடக்கும் வேறொரு போர் இது என்று, நானே சரியாகப் புரிந்துகொள்ளாததை அவர்களுக்கு விளக்கினேன். கொஞ்சம் முன்னால் நடந்ததும் உண்டு, பின்னால் நடப்பதும் உண்டு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது.

அவர்களில் கண்ணாடி போட்ட பெண் பொறுமையாகக் கேட்டாள்: “அப்போ சார், இது ரெண்டாம் பாகமா, ஒண்ணரையாம் பாகமா?”

முதலாளி

வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு முதலாளியே வந்துவிட்டார். சொந்தத் தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை. அரங்கம் காற்று வாங்கியது. மச்சினன் அம்மன் பட போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். என்னதான் இருந்தாலும், இந்தத் தியேட்டரில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை, படம் தேர்ந்தெடுப்பவன் என்பதுதான்.

படம் முடிந்து வெளியே வந்தவர் கட்அவுட்டை அண்ணாந்து பார்த்தார். “ராஜா செத்துட்டான், ராஜா செத்துட்டான்னு படம் பூரா அழுவுறானுங்களே, யார்யா அந்த ராஜா?” என்றார். இவர்தான், முதல் பாகத்தில் வந்தவர் என்றேன். அவர் அதைப் பார்க்கவேயில்லையாம். மச்சினன் போஸ்டரை விரிக்கத் தொடங்கினார். முதலாளி கையைக் காட்டித் தடுத்தார்.

“அதைச் சுருட்டுப்பா. நாளைலேர்ந்து அந்த மொதல் பாகத்தையே மறுபடி போடுங்க, அவன் எப்படித்தான் செத்தான்னு பாக்கணும்.”

மறுபடியும் பால்

அடுத்த நாள் காலை குணா அதே கட்அவுட்டின் கீழ் குடத்தோடு வந்து நின்றார். ஏன் இன்னும் ஊற்றவில்லை என்று கேட்டேன். “மொதல்ல உள்ள போய், உசுரோட கீறாரான்னு பாத்துட்டு வந்துடறேன் அண்ணாத்தே.”

நான் நம்பிப் போட்ட படம் என்னைக் கவிழ்த்தது, அந்தப் படத்திலேயே இல்லாத ராஜா செத்துக் கிடந்தபடி என்னைக் காப்பாற்றினார்.