தட்டினால் நிற்க வேண்டிய வண்டி

தயாளன் சார் இறந்த செய்தியை அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். செய்திக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் கும்பிடு எங்கள் திட்டத் தலைவருடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் உயிரோடு இருந்தவரை அவர் சொன்ன எதையும் காதில் வாங்காத மனிதர் அவர்.

சாரோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவரைச் சகித்துக்கொள்வது லேசில்லை. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் பேட்டரி சரக்கு வண்டியை வடிவமைத்த குழுவுக்கு அவர்தான் மூத்த பொறியாளர். நான் அவருக்குக் கீழே. கோபம் வந்தால் கையிலிருக்கும் ஸ்பேனர் பறக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'சிரித்த முகம்' என்று போட்டிருக்கிறார்கள். பொய். அந்தப் படத்தில் அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்.

ராயபுரத்துக்காரர். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் புகையைக் குடித்தே வளர்ந்தவர். பேசின் பிரிட்ஜ் கிடங்கிலிருந்து தண்டையார்பேட்டைக் கடைகளுக்கு இனி ஒரு டீசல் வண்டியும் வரக் கூடாது என்பதில் வெறியாக இருந்தார். ஆனால் ஆளில்லாத வண்டிமேல் அவருக்கே ஒரு பயம் இருந்தது. "டிரைவர் இருந்தா திட்லாம், சட்டையப் புடிக்கலாம். இதுல யாரு கீறா? தட்னா நிக்கணும். அவ்ளோதான்" என்பார். எங்கள் பக்கம் பஸ்ஸோ லாரியோ, பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி "ஹோல்டான்!" என்றால் நின்றுவிடும். அதைத்தான் புது வண்டிக்கும் பழக்கினார். யார் தட்டினாலும் நிற்கும், தட்டியவர் விலகிய பிறகுதான் நகரும்.

அதற்காக ஒரு நாள் முழுக்க என்னை வண்டியை அடிக்கவைத்தார். ஈரக்கை, வளையல் போட்ட கை, கையுறை என்று விதவிதமாக. கை சிவந்து நான் மெதுவாகத் தட்டியதும் கத்தினார்: "இன்னாமா, தொட்டில் ஆட்டிகினு கீறியா? ஓங்கி அடி!" அன்று அவரை மனதுக்குள் நன்றாகவே திட்டினேன்.

வண்டிகள் தெருவுக்கு வந்ததும் விளையாட்டுக்குத் தட்டியவர்களும் இருந்தார்கள். சரக்கு தாமதமானது. தட்டினால் நிற்கும் ஏற்பாட்டை எடுத்துவிடத் திட்டத் தலைவர் கூட்டம் போட்டார். "ரோட்டில் போகிறவனெல்லாம் கம்பெனி வண்டியை நிறுத்துவான் என்றால் எதற்கு இந்த டெக்னாலஜி?" சார் எழுந்தார். "ரோடு அவனுதுதானே சார்?" என்றார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு வெளியே போனவர் கூட்டத்துக்குத் திரும்பி வரவேயில்லை. அந்த வாரமே ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

சாரின் கடைசி ஊர்வலம் தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம் போயிற்று. பறை, பட்டாசு, ரோடெல்லாம் பூ. பெண்கள் சுடுகாடுவரை போகாமல் தெருமுனையோடு திரும்ப வேண்டும் என்பதால் நாங்கள் நின்றுவிட்டோம். அப்போது பக்கத் தெருவிலிருந்து எங்கள் வண்டி ஒன்று வந்தது. "தயவுசெய்து வழிவிடவும்" என்று பதிவு செய்த குரல். ஆள் நின்றால் நிற்கும், சந்து கிடைத்தால் நுழையும். அப்படியே ஊர்ந்து வந்து பாடைக்கும் பின்னால் வந்த கூட்டத்துக்கும் நடுவே புகுந்துவிட்டது.

"ஹோல்டான்! ஹோல்டான்!" என்று எல்லோரும் தட்டினார்கள். நானும் ஓடிப்போய்த் தட்டினேன், அவர் சொன்ன மாதிரி ஓங்கி. பாவி வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. வண்டிகளைக் கண்காணிக்கும் மாத்தூர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். "சாவு ஊர்வலம்தானே மேடம், மெதுவா தாண்டிடும்" என்றான் அங்கிருந்தவன். கடைசியில் சாரின் தங்கை புருஷன் போய் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். டிரெய்லர் ஓட்டுகிறவர். "உன்ன பெத்தவன் போறான்டா கஸ்மாலம், ஓரமா நில்லு!" என்றார். வண்டி நின்றது. சாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். திட்டத் தலைவர்தான் முதலில் பேசுவாராம். சாரின் சிரிப்பை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய கோபம் போதும். அந்த ஏற்பாடு எல்லா வண்டிக்கும் திரும்ப வரும்வரை அதை விடப்போவதில்லை. தலைவர் வாயைத் திறந்ததும் மேசையில் இரண்டு தட்டு தட்டுவேன், ஓங்கி.