கிணற்றடியைத் திருப்பிக் கொடுத்த வருடம்

பட்டாளத்திலிருந்து வந்த மாமாவின் பச்சை இரும்புப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடை எழுந்து, மாசிமாதப் பருத்தி குவிந்து கிடந்த எங்கள் வீட்டை நிறைத்தது. அத்தை சீனியம்மாள், என் அப்பாவின் தங்கை, உள்ளே இருந்த உடுப்புகளையும் கம்பளியையும் சவரக் கண்ணாடியையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினாள். பட்டாளத்தில் இருந்த மாமா இறந்துவிட்டார் என்ற தந்தி மார்கழியிலேயே வந்திருந்தது. பாகிஸ்தானோடு சண்டை நடந்து, கிழக்கே பங்களாதேஷ் பிறந்த நேரம் அது. மாமாவின் உடல் வரவில்லை. சாம்பலாவது வருமென்று அத்தை காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

சித்திரையில் மாமாவின் பட்டாளத்துக் கூட்டாளி காளிமுத்து விடுப்பில் வந்தார். எம்.ரெட்டியபட்டிக்காரர். மேற்கே பாலைவனத்தில் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனதையும், அங்கே ஓர் ஊரைப் பிடித்த அன்று மாமா குண்டுபட்டு விழுந்ததையும், அந்த ஊர்க் கிணற்றடியிலேயே முள்விறகு அடுக்கி எரித்ததையும் அவர்தான் சொன்னார்.

“நம்ம பக்கம் மாதிரியே வறண்ட காடுதான் மதினி. உடைமரமும் வெள்ளாடும். இப்ப அது நம்ம கையிலதான் இருக்கு. அடுத்த லீவுல நானே கூட்டிட்டுப் போறேன், கண்ணால பாத்துருங்க.”

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை எழுந்து நடமாடத் தொடங்கினாள். திருச்சுழிக்குப் போய்த் திதி கொடுத்துவிடலாம் என்று அப்பா அழைத்தபோதும், “எடத்தைப் பாக்காம எள்ளுந்தண்ணியும் விடமாட்டேன்” என்று மறுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் புதிய ‘மேப்பு’ மாட்டினார்கள். கிழக்கே புதுநாடு தனி நிறத்தில் இருந்தது. நாங்கள் அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தோம். மாமா கிடக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி அத்தை பள்ளிக்கே வந்துவிட்டாள். வாத்தியார் மேற்கு ஓரத்தைத் தொட்டுக்காட்டினார். அங்கே பழைய கோடு பழைய இடத்திலேயே இருந்தது.

“பெரியவுக உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டாத்தாம்மா இந்தக் கோடு மாறும்” என்றார்.

ஒப்பந்தம் சிம்லாவில் கையெழுத்தானதை ஆடி பிறக்கும் முன்பே ரேடியோ சொன்னது. காஷ்மீரில் மட்டும் சண்டை நின்ற இடமே புதுக்கோடாகுமாம். மற்ற இடங்களில் பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு இரு படைகளும் பழைய எல்லைக்குத் திரும்புமாம். “நல்லதுதான், இனிமேலாச்சும் பிள்ளைக சாகாம இருக்கட்டும்” என்று அப்பா சொன்னதை யாரும் தப்பென்று சொல்லமுடியாது. ஆனால் அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அம்புட்டுப் பெரிய நாட்டையே புதுசா வரைஞ்சவுக, ஒரு கெணத்தடியை விட்டுவைக்கக் கூடாதா?”

தைமாதம் காளிமுத்து மறுபடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நாங்க கெளம்பையிலேயே அந்த ஊர்ச்சனம் ஒட்டகத்து மேல சாமானை ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்துருச்சு மதினி. ஒரு கெழவி வீட்டுக்குக்கூடப் போகல, நேரா கெணத்துக்குத்தான் போனா.”

“தண்ணி எறைச்சாளா?”

“எறைச்சா.”

“அவுகளை எரிச்ச எடத்துல நின்னாளா?”

“அவளுக்கு என்ன மதினி தெரியும்?”

அத்தை “ஆமா, அது அவ கெணறு” என்றாள். அடுத்த நொடி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, “பெறகு ஏன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன? ஏன் சொன்ன?” என்று கத்தினாள். சண்டைக்குப் போய்வந்த அந்த மனிதர் எங்கள் முன்னால் தேம்பி அழுதார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தை அமாவாசைக்கு அத்தை தானாகவே அப்பாவுடன் திருச்சுழிக்குப் புறப்பட்டாள். வறண்ட குண்டாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்து அப்பா எள்ளுந்தண்ணியும் விட்டதை, அவள் தள்ளி நின்று, யாருக்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தொலைக்காட்சியில் எங்கோ நடக்கும் போர் நிற்கப்போவதாகச் சொல்லி, யாருக்கு எந்த நிலம் என்று படத்தில் நிறம் தீட்டிக் காட்டுகிறார்கள். அத்தையும் காளிமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கிணறு எந்த ஊரில் இருந்தது என்று சொல்ல இனி ஆளில்லை. கடைசி வருடங்களில் ஒருநாள், அந்தக் கோபம் ஆறிவிட்டதா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறேன்.

“சண்டை நின்னதுல எனக்கென்ன வருத்தம் தாயி” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்.”