நியாராயின் கருவாட்டு வியாபாரம்

சித்துங்விசா நகரத்தில் நியாராயைப் போல மட்டமான கருவாட்டுக்காரி கிடையாது. சொன்ன விலையை மறந்துவிடுவாள், கேட்டதற்கு மேல் அள்ளிப் போடுவாள். பாவம், அவள் என்ன செய்வாள்! அவளுக்குச் சம்பளம் தருவது மருத்துவ ஆராய்ச்சி நிலையம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கப் பெண்கள் உள்ளே பொருத்திக்கொள்ளும் மருந்து வளையத்தை அங்கே சோதிக்கிறார்கள். சோதனைக்கு வரவேண்டிய தேதியில் வராத பெண்களைத் தேடிப்போய் அழைத்து வருவது இவள் வேலை. யார் ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது. அதற்குத்தான் தலையில் கருவாட்டுக் கூடை.

பதினோரு வருஷத்தில் அவள் கண்டுபிடிக்காத ஆள் இல்லை. விம்பாய் மட்டும் ஆறு வாரமாகத் தண்ணி காட்டினாள். கடைசியாக வந்த அன்று கர்ப்பச் சோதனையில் கோடு மங்கலாக விழுந்தது. மறுநாள் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று அனுப்பினார்கள், வரவில்லை. கர்ப்பம் என்றால் வளையத்தை உடனே எடுத்தாக வேண்டும். வயிற்றுப் பிள்ளையை அந்த மருந்து என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இதை நினைத்து நியாராய்க்குச் சோறே இறங்கவில்லை.

ஐந்தாவது முறையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். விம்பாயின் மாமியார் மாய் மரம்பா திறந்தாள்.

"மறுபடியும் கருவாடா? போன வாரம் வாங்கினதே அப்படியே கிடக்கு."

"இது புதுசும்மா. மருமகளைக் கூப்பிடுங்க, பார்த்து எடுக்கட்டும்."

"உள்ள வாடி முதல்ல!"

கதவைச் சாத்திவிட்டு மாய் மரம்பா குரலைத் தாழ்த்தினாள். "வளையத்தைத் தேடித்தானே வந்திருக்கே?"

நியாராய்க்குத் திக்கென்றது. "எந்த வளையம்மா? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நல்லா நடிக்கிறே போ!" மாய் மரம்பா இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து, சின்ன பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே வெள்ளை வளையம். "கோட்டைப் பார்த்த அன்னைக்கே கழட்டிட்டா. வாந்தி தாங்காம அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. அங்க போன் எடுக்காது. இப்ப கஞ்சி உள்ள போகுதாம், நல்லா இருக்காளாம்."

அப்பாடா! நியாராய் கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"முதல் தடவையே சொல்லியிருக்கலாமே அம்மா..."

"எப்படிச் சொல்லுவேன்? எம் புள்ளைக்கே தெரியாது. நீ வாயைத் திறக்கிறவளான்னு பார்த்தேன். அஞ்சு தடவையும் கருவாட்டைத் தவிர ஒரு வார்த்தை வரல, கெட்டிக்காரிதான்."

நியாராய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுது? விம்பாய் சொன்னாளா?"

"ரெண்டு பொண்ணுங்களை அந்த நோய்க்கு வாரிக் குடுத்தவ நான்," என்றாள் மாய் மரம்பா. "அவளை அங்க போய்ச் சேருன்னு சொன்னதே நான்தான்டி."