மரண அறிவித்தல் குரலில் ஒரு விளம்பரம்

சிட்னித் தமிழர்களில் யோகராணியின் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். குரலை அறியாதவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வானொலியில் செய்தி முடிந்து மெல்லிய வீணையொலி எழுந்தால், குசினியில் நிற்பவர்கள் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார்கள். "பிறப்பிடமாகவும், சிட்னியை வதிவிடமாகவும் கொண்ட" என்று அவள் மரண அறிவித்தலை மெதுவாகத் தொடங்குவாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு மூச்சு விடுவாள். அந்த இடைவெளியில் கேட்பவர்கள், இறந்தவர் தங்களுக்குத் தெரிந்தவரா என்று யோசித்துக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் அவள் செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்கினாள். வானொலியில் வாசிப்பதற்குச் சம்பளம் இல்லை. எல்லோரையும் போல அவளும் தொண்டர்தான். ஆனால் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதைத் தன் கணவன் சிறிதரனிடமும், நிலையப் பொறுப்பாளர் தேவராஜாவிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தாள். சொந்தமாக ஓர் அரை மணி நேர நிகழ்ச்சி. பஸ் ஓட்டுகிறவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், இரவில் அலுவலகம் கூட்டித் துடைக்கிறவர் என்று ஒவ்வொரு கிழமையும் ஒருவரைக் கூப்பிட்டு, அன்றாடம் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். இத்தனை வருடமாகச் செத்தவர்களின் பெயர்களை வாசித்தாயிற்று. இருப்பவர்களின் பெயரை, அவர்கள் இருக்கும்போதே ஒருமுறை வாசிக்க வேண்டும்.

"நல்ல யோசினைதான் ராணி. ஆனா ஸ்பொன்சர் வேணுமே" என்று தேவராஜா ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

ஸ்பொன்சர் கடைசியில் வெயில் வடிவத்தில் வந்தது.

யோகராணியும் சிறிதரனும் பெண்டில் ஹில்லில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். வீடு தெற்குப் பார்த்தது. இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் வரும். ஆகவே குளிர்காலம் முழுவதும் அவர்களின் யன்னலில் ஒரு துண்டு வெயில்கூட விழாது. ஆனால் ரயில் ஸ்டேஷனுக்குப் போனால் வெயிலைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. சுவர் முழுக்கச் சோலர் விளம்பரங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிச் சிரிப்பு, அவர்களுக்கு மேலே பளபளக்கும் ஒரு கூரை. சோலரைப் பற்றியும் மின்சாரம் சேமிக்கும் பற்றரியைப் பற்றியும் யோகராணிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவர்களிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வந்ததுதான். அவளுக்கு விளங்கியது ஒன்றுதான்: வெயில் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு.

அதனால்தான் விளம்பர முகவர் ஜெகதீஷ் கொண்டுவந்த தாளின் முதல் வரியைப் படித்ததும் அவள் அதை இன்னொருமுறை படித்தாள்.

"கூரை இல்லையா? சூரியன் உங்களுக்கும் சொந்தம்."

ஒரு புதிய நிறுவனம் உப்பைக் கொண்டு செய்யும் பெரிய பற்றரிகளை வயல்வெளியில் வரிசையாக வைத்து ஒரு பற்றரிப் பண்ணை அமைக்கப் போகிறதாம். பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் ஊருக்குக் கொடுக்குமாம். வாடகைக்கு இருப்பவர்களும் அதில் பங்கு வாங்கலாம். ஜெகதீஷ் சென்னைப் பொடியன், நல்ல சிரிப்பு. "அக்கா, இந்த ஸ்கிரிப்டுக்கு உங்க வாய்ஸ்தான் வேணும்னு கம்பெனில கேட்டாங்க. உங்களுக்கு ஒரு ப்ரோகிராம் பண்ண ஆசைன்னு தேவராஜா சார் சொன்னாரு. அதையும் அவங்களே ஸ்பான்சர் பண்றாங்க. வியாழக்கிழமை சாயங்காலம். ஓகேவா?"

ஓகேவா என்று கேட்க வேண்டுமா?

அவள் அந்த வரியை நம்பித்தான் வாசித்தாள். தெற்குப் பார்த்த யன்னலும், அத்தனை வருடக் குளிரும் அந்தக் குரலில் இருந்தன. ஒலிப்பதிவு அறையில் ஜெகதீஷ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரே ஒரு சிக்கல் கடைசி வரியில் வந்தது. "இத்தொழில்நுட்பம் இன்னும் பரிசோதனையில் உள்ளது. பண்ணை அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போட்ட முதல் முழுவதையும் இழக்க நேரிடலாம்." சட்டப்படி அதைச் சொல்லியே ஆக வேண்டும். சில நொடிகளுக்குள் சொல்லி முடிக்கவும் வேண்டும்.

யோகராணிக்கு வேகமாக வாசிக்க வராது. திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் அந்தப் பழைய மூச்சு வந்து நின்றது.

"விடுங்கக்கா, நான் கம்ப்யூட்டர்ல ஸ்பீடு பண்ணிக்கிறேன்" என்றான் ஜெகதீஷ்.

விளம்பரம் ஒலிபரப்பானபோது அந்தக் கடைசி வரி அணில் கத்துவது போல ஓடி மறைந்தது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சிறிதரன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னப்பா, கடைசியில உமக்கு மூத்திரம் முட்டினதோ?" அவளும் சிரித்தாள். வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கு முதல் விருந்தாளியாக யாரைக் கூப்பிடலாம் என்பதுதான் அவள் மனம் முழுவதும்.

அந்த வியாழனுக்கு முன்வந்த சனிக்கிழமை, இருவரும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனார்கள். கும்பிட்டுவிட்டுக் கன்ரீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, யோகராணி சிறிதரனிடம் ஏதோ சொன்னாள். முன்னால் நின்ற பெரியவர் சட்டென்று திரும்பினார்.

"பிள்ளை, நீ றேடியோ யோகராணியெல்லோ?"

அவர் பெயர் கணேசலிங்கம். தூங்காபியில் ஒரு வீட்டின் பின்னால் உள்ள ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். "என்ர மனுசியின்ர அறிவித்தலை நீதான் வாசிச்சனீ. பேரப்பிள்ளையளின்ர பேர் ஒண்டுகூடப் பிழைக்கேல்ல" என்று சொல்லிக்கொண்டே தோசைத் தட்டுடன் அவர்களின் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறன்."

"எதுக்கு அங்கிள்?"

"எதுக்கோ? உன்ர பற்றரிக்குத்தான்! கையில இருக்கிறதெல்லாம் போடப்போறன். அடுத்த வருசம் எல்லாருக்கும் கரண்ட் வந்திடுமெல்லோ."

யோகராணி பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தாள். "அங்கிள், அது இன்னும் பரிசோதனையில இருக்கு. காசு முழுக்கப் போனாலும் போகும். கடைசியில நான் சொன்னனானே?"

"கடைசியில என்னமோ கொறகொற எண்டு கேட்டது. றேடியோவில கோளாறாக்கும் எண்டு நான் ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான்."

"அதுதான் நான். அதுதான் முக்கியமான கதை. போடாதேங்கோ அங்கிள்."

பெரியவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல. "நீ பயந்தாங்கொள்ளி. இஞ்ச தோசைக்கடையில நிண்டு ஆயிரம் சொல்லுவாய். நீ றேடியோவில சொன்னதுதான் எனக்குக் கணக்கு. அந்தக் குரலில ஒருநாளும் பொய் வந்ததில்லை. ஆர் செத்தாலும் அது உண்மையாத்தானே இருந்தது?"

காரில் திரும்பும்போது மரங்களுக்கிடையே வெயில் விட்டுவிட்டு அடித்தது. இப்படி நம்பியவர் அந்தப் பெரியவர் ஒருவர் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிறு காலை குழாயை மூடிவிட்டுக் கேட்கும் எத்தனை குசினிகள். அவர்கள் கேட்டது விளம்பரத்தை அல்ல. ஓர் அறிவித்தலை.

அவள் கைபேசியில் ஜெகதீஷுக்குக் கோல் எடுத்தாள். "தம்பி, அந்தக் கடைசி வரியை மெதுவா வாசிச்சு மாத்தித் தாறன்."

"அக்கா, அவங்க வாங்கியிருக்கிற டைம் அவ்வளவுதான். மெதுவா வாசிச்சா மேல இருக்கிறதுல பாதிய வெட்டணும். ஒத்துக்க மாட்டாங்க. சட்டப்படி எல்லாம் சரியாத்தானே இருக்கு? விடுங்க. வியாழக்கிழமை ப்ரோகிராமைப் பாருங்க."

ஞாயிறு காலை நிலையத்தில் தேவராஜாவிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ராணி, உமக்கு அந்த அரை மணித்தியாலம் வேணுமோ, வேண்டாமோ? எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்?"

"வேணும் அண்ணை."

"அப்ப பேசாமப் போய் வாசியும்."

அன்று இரண்டு அறிவித்தல்கள் இருந்தன. வாசித்தாள். அடுத்து விளம்பரம். மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினால் போதும், பதிவுசெய்து வைத்ததைக் கணினி ஒலிபரப்பிவிடும். அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. வியாழன் மாலையும், "வணக்கம், இன்று நம்மோடு" என்று அவள் குளியலறையில் பழகி வைத்திருந்த முதல் வசனமும் அந்த விரல் நுனியில் இருந்தன. பிறகு கையை எடுத்துவிட்டு, தாளைக் கிட்ட இழுத்தாள்.

மேல் வரிகளை வழக்கம் போலவே வாசித்தாள், ஆசையோடு. அந்த ஆசை பொய் இல்லை. கடைசிக்கு வந்தாள். "இத்தொழில்நுட்பம் இன்னும் பரிசோதனையில் உள்ளது." மூச்சு. "பண்ணை அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை." மூச்சு. "போட்ட முதல் முழுவதையும் இழக்க நேரிடலாம்." பிறகு, பழக்கதோஷத்தில், அறிவித்தல்களுக்குப் போடும் மெல்லிய வீணையொலியையும் போட்டுவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவராஜா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சொல்லும் நான் கூட்டேல்ல அண்ணை" என்றாள் வெளியே வந்து.

"கூட்டேல்லத்தான். பற்றரிக்குச் செத்தவீடு நடத்திப்போட்டீர்!"

திங்கட்கிழமை நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது. நிகழ்ச்சியையும் சேர்த்துத்தான். ஜெகதீஷ் கோபமாகப் பேசவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டான். தேவராஜா பிறகு, கொஞ்சம் ஆறியதும், அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார். அறிவித்தல் வாசிக்க வேறு ஆள் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்படியும் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்து, குசினியில் வானொலியைப் போட்டாள். அவளுடைய அரை மணி நேரத்தில் பழைய சினிமாப் பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே பயிற்றங்காய் வெட்டினாள். யன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக் கூரையின் சோலர் தகடுகளில் கடைசி வெயில் சிவப்பாகக் கிடந்தது. சிறிதரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி போட்டான்.

கைபேசி அடித்தது. கணேசலிங்கம்.

"பிள்ளை, உன்ர நம்பரை றேடியோக்காரரிட்டை வாங்கினனான். ஞாயிற்றுக்கிழமை கேட்டனான். கையெழுத்து வைக்கேல்ல." யன்னல் ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆனா எனக்குக் கவலைதான். இந்த அறைக்குள்ள வெயில் வராது. எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"எனக்கும்தான் அங்கிள்" என்றாள் யோகராணி.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. வானொலியில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அங்கிள், நீங்கள் இஞ்ச வந்து என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை கேக்கிறாய்? நான் இன்னும் சாகேல்லையே!"

"ஓம். அதுதான் கேக்கிறன். முழுப்பேரிலயிருந்து சொல்லுங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர் சொல்லத் தொடங்கினார்.