மஞ்சள் வேட்டிக்கு நிற்காத பஸ்

வீரபாண்டித் திருவிழா நாட்களில்தான் மகளுக்குப் பெரியகுளத்தில் சான்றிதழ் பார்க்க வரச் சொல்லி ஓலை வந்தது. பத்தரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், பிறகு வந்தால் வேலை இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. இரண்டு வருடம் படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய வாய்ப்பு. அந்த வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நான் அம்மனுக்குக் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக விரதம் இருந்தேன்.

அன்றைக்கு மகளும் நானும் கிளம்பினோம். மார்க்கையன்கோட்டையில் ஏழு பத்துக்கு வரவேண்டிய டவுன் பஸ் வரவில்லை. ஏழே முக்காலுக்கு டீக்கடைக்காரர்தான் சொன்னார், அதைத் திருவிழாவுக்கு ஸ்பெஷலாகத் திருப்பி விட்டார்களாம். ஒரு போர்டு கூட வைக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து சின்னமனூர் போய்ச் சேர்ந்தபோது எட்டேகால். நெரிசல் என்று பஸ்கள் ஸ்டாண்டுக்குள் வராமல் மெயின் ரோட்டோடு போய்க்கொண்டிருந்தன. நாங்களும் அங்கே போய் நின்றோம்.

வீரபாண்டி வழியாகத் தேனி போகும் பஸ் ஒன்று வந்தது; பெரியகுளத்துக்குத் தேனியில்தான் மாற வேண்டும். கை காட்டினேன். கண்டக்டர் படியில் நின்றபடி, பின்னால் வருகிறது என்று சைகை காட்டிப் போய்விட்டார். அடுத்ததும் அப்படியே போனது. உள்ளே சீட் காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பைலை மாற்றி மாற்றிப் பிடிப்பதுமாக இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்பா, ஒங்க வேட்டியப் பாத்துத்தான் நிப்பாட்ட மாட்டேங்கிறாக. கோயிலுக்குப் போற ஆளு, ஸ்பெஷல்ல வரட்டும்னு நெனைக்கிறாக."

அவளுக்காகக் கட்டிய மஞ்சள் அவளையே மறித்துக்கொண்டு நின்றது.

"நீ இங்கனயே நில்லு ஆத்தா. நான் அந்தப் பழக்கடைக்குப் பின்னால போயிர்றேன். வண்டி நின்னா ஏறிரு. எனக்காகப் பாக்காத."

"நீங்க?"

"நான் எதுக்கு? பரீட்சை எழுதுனது நீதான."

வாழைத்தாருக்குப் பின்னால், சாமிக்குக் கட்டிய காப்பை மறுகையால் மூடிக்கொண்டு ஒளிந்து நின்றேன். தப்பா சரியா என்று யோசிக்க நேரமில்லை. எட்டே முக்காலுக்கு வந்த பஸ் அவளுக்கு நின்றது. அவள் ஏறுவதைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஸ்பெஷல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பாதி வண்டி காலி. "ஏறுங்க சாமி, கோயில் வாசல்லயே எறக்கி விட்டுருவோம்" என்று ஒரு கண்டக்டர் வண்டியை நிறுத்தி மரியாதையாகக் கூப்பிட்டார். பதில் சொன்னால் வாயில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. விரதத்தில் இருப்பவன் பேசக்கூடாத பேச்செல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. தலையை மட்டும் ஆட்டினேன். வெயிலில் தார் கொதித்தது. கால் மாற்றி நின்றேன். தாயே, கேட்டச் சாத்திரக் கூடாது தாயே என்றே மனசு ஓடியது.

பத்தரை ஆயிற்று. போன் வரவில்லை. பத்து முப்பத்தெட்டுக்கு வந்தது.

"உள்ள விட்டுட்டாகப்பா. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து பேசுறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு, "எனக்குப் பின்னால ஓடி வந்த ரெண்டு பிள்ளைகள விடலப்பா. கம்பத்துலருந்து வந்தாகளாம். கேட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக" என்றாள்.

அடுத்த ஸ்பெஷலில் ஏறி வீரபாண்டி போனேன். ஆற்றுத் தண்ணீர் எடுத்துக் கோயிலில் அம்மனுக்கு நட்டிருந்த மரக் கம்பத்தில் ஊற்றினேன். நன்றி சொல்லத்தான் போனேன். அந்த இரண்டு பிள்ளைகளும் எந்த நிறுத்தத்தில் எந்த பஸ்ஸுக்குக் காத்து நின்றார்களோ என்ற நினைப்புத்தான் வந்தது. நன்றி என்ற சொல் கடைசி வரை வாயில் வரவில்லை.