குன்வோரின் பால் பெட்டி மீன்

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் மீனைக் கடையில் வாங்கித் தின்கிறவன் என்று பெயரெடுப்பதற்கு நாண்டுகொண்டு சாகலாம். படகு வைத்திருப்பவன் சொந்தக்காரர்களுக்குச் சும்மா மீன் கொடுப்பான், அவர்கள் உறையவைத்து வருடம் முழுக்கத் தின்பார்கள். எய்லெர்ட்டும் அண்ணன் வீட்டுக்கு அப்படித்தான் கொடுத்துவந்தான், போன மார்ச் வரை.

அண்ணி குன்வோர் முப்பது வருடம் மீன் வெட்டும் கூடத்தில் கத்தி பிடித்தவள். அவள் வாய் அந்தக் கத்தியைவிடக் கூர்மை. மே மாதம் அவள் கணவன் ஊத்வார் கண்மூடினார். மறுநாளே கொழுந்தன் வந்து படகுக் கொட்டகையை எழுதித் தரச் சொன்னான். முடியாது என்றாள். அந்தக் கோபத்தில் அந்தப் பாவி கூடப்பிறந்தவனின் அடக்கத்துக்கே வரவில்லை. தேவாலயத்தில் முன்வரிசையில் அவன் இடம் காலியாகக் கிடந்தது. வேறு எதையும் அவள் பொறுத்துக்கொள்வாள், அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

மார்ச்சில் வந்த காட் மீனை அவள் எப்போதும்போலக் காலிப் பால் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தாள். பனிக்கட்டிக்குள் இருக்கும் மீனைக் காற்று தொடாது. "என்ன அண்ணி, மீனுக்குப் பால் குடுத்து வளக்குறீங்களா?" என்று எய்லெர்ட் அப்போது இளித்தான். அவன் வெறும் பையில் போட்டு ஃப்ரீசருக்குள் வீசுகிற ரகம்.

அக்டோபரில் மூன்று வாரம் புயல். எந்தப் படகும் கிளம்பவில்லை. எய்லெர்ட்டின் மகளைக் கட்டப்போகிறவனின் வீட்டார் ஓஸ்லோவிலிருந்து விருந்துக்கு வருகிறார்கள். அவன் ஃப்ரீசரைத் திறந்தால் மீனெல்லாம் மஞ்சள் பூத்து நார் நாராகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அவள் கதவைத் தட்டினான்.

"அண்ணி, ரெண்டு பெட்டி குடுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க."

"ஏன், உன் மீனுக்கு என்ன கேடு?"

"காஞ்சுபோச்சு. அட, இதுவும் நான் புடிச்ச மீன்தானே!"

"குடுத்த மீனைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்டா. வெக்கமாயில்ல?"

கதவை அகலத் திறந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ரெண்டு என்ன, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. கொட்டகையப் பத்தி நான் பேசல. அண்ணன் அடக்கத்துக்கு வராதது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

அவன் வாயைத் திறந்தான். ஒருகணம் சொல்லிவிடுவான் போலிருந்தது.

"நீங்களே வெச்சுத் தின்னுங்க" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் ஜன்னல் வழியே அவனைப் பார்த்தாள். நாற்பது வருட மீனவன் கடையிலிருந்து உறைந்த மீன் பொட்டலங்களோடு வந்தான். கடை வாசலில் நின்ற நாலு பேர் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அவன் பொட்டலத்தை மறைக்கக்கூட இல்லை.

இந்த அவமானம் அவனுக்கு வரவேண்டும் என்று எத்தனை நாள் வயிறெரிந்து வேண்டியிருப்பாள். இப்போது சந்தோஷப்பட முடியவில்லை. ஊர் சிரிக்க அதைச் சுமந்து போவது, ஊத்வாருக்காக ஒரு வார்த்தை சொல்வதைவிட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த வார்த்தை இனி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.