செலின் அக்காவின் முக்கோணம்

வீடியோ அழைப்பில், பெரியப்பா மகள் செலின் அக்கா தன் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்னிய போர்வையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல்.

"குரோஷே பின்னக் கத்துக்குறவங்களுக்கு நெட்ல நீதான் பதில் சொல்றியாமே! இது ஏன்டி இப்டி ஆவுது?"

அந்த முக்கோணம் என்னைச் சின்ன வயதின் லாஸ்பேட்டை வீட்டுக்கு இழுத்துப்போனது. சாம்பிராணியும் வடகமும் மணக்கும் கூடம். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா குடும்பம். என் கையில், மாதா சுரூபத்துக்குக் கீழே போட நான் முதன்முதலாகப் பின்னிய விரிப்பு.

"மாதாவுக்கு சமோசாவா விரிக்கப் போறே?" என்ற செலின், இன்னும் முடிச்சுப் போடாத நூல் முனையை இழுத்தாள். சர்ரென்று மொத்தமும் பிரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பாரிஸுக்குப் போகும் வடகப் பொட்டலத்தை அந்த நூலாலேயே கட்டினாள். தப்பு எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு நானே கண்டுபிடித்தேன். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் திரும்பினால் பின்னல் குறுகிக்கொண்டே போகும்.

"ஓரக் கண்ணிய விட்டுட்டே வந்திருக்கேக்கா. ரெண்டாவது வரிசையிலயே ஆரம்பிச்சிடுச்சு."

"அய்யோ, மாசக்கணக்கா போட்டேன்டி! பிரிக்காம சரி பண்ண முடியாதா?"

முடியும். குறுகிய பக்கங்களில் கூடுதலாகப் பின்னிச் சரிக்கட்டலாம். கேட்கிற எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

"வழியே இல்லக்கா. பிரி, நான் பாக்குறேன்."

போன் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். சர்ரென்று, பாரிஸிலிருந்து தெளிவாகக் கேட்டது.